நீர் வரும் வழியும் நெல் விளையும் காலமும்

தாம்பரத்திலிருந்து கிழக்கே வேளச்சேரிச் சாலையில் சிறிது தூரம் சென்றதும் வருகிற சேலையூரில் ஏரி இருக்கிறது, கரை இருக்கிறது, மழை மிகுந்த வருஷத்தில் கலங்கல் வழியே ஜலம் வழிந்தோடுவதையும் காணலாம். ஆனால் எந்த வயல்களுக்குப் பாய்ச்சுவதற்காக முன்னோர் மண் சுமந்து அந்தக் கரையை உயர்த்தினார்களோ, அந்த வயல்கள் இருந்த இடமெல்லாம் வீதிகளாகவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஏரிகளின் வழியே இறங்கும் மழைநீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பை அடைவது மட்டும் இன்றும் மாறவில்லை.

இந்தப் பூமியின் இயற்கைச் சுபாவத்தை அறிய விரும்புகிறவர்கள், 1937-இல் சென்னை நகரிலிருந்து இங்கே இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் வளாகத்துக்குள் ஒருமுறை நடந்து வந்தால் போதும். களாவும் காரையும் சூரையும் பின்னிக் கிடக்கிற அந்தப் புதர்க்காடுதான், மனிதன் கைவைக்காமல் விட்டால் இந்தச் செம்மண்ணும் சரளையும் தாமாகத் தருகிற விளைச்சல். அப்படிப்பட்ட நிலத்தில் பல நூற்றாண்டுகள் நெல் விளைந்தது என்றால், அதற்குக் காரணம் மண்ணின் வளமோ மழையின் தாராளமோ மட்டும் அல்ல. மழை எப்போது வரும், எவ்வளவு நாள் நிற்கும், வந்ததை எங்கே நிறுத்தி எந்த மாதத்தில் எந்த மடை வழியாக விட வேண்டும் என்று இந்த ஊர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கணக்கிட்டு வைத்திருந்த ஞானமே ஆகும். பயிர்கள் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுவதைப் பற்றிப் பேசும்போது மண்ணையும் வெப்பத்தையும் முதலில் சொல்வது வழக்கம். ஆயினும் நம் நாட்டைப் பொறுத்தவரையில், ஒரு பிரதேசத்தின் சாகுபடியை வேறொரு பிரதேசத்தின் சாகுபடியிலிருந்து பிரித்துக் காட்டுகிற பிரதான காரணம் நீர் வருகிற வழியும் அது வருகிற தேதியுமே என்பது என் அபிப்பிராயம்.

ஏரி நாடு

தொண்டை மண்டலத்தில் வற்றாத நதி கிடையாது. பாலாறும் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகவே கிடப்பது. சென்னைப் பக்கத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அதில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள், அதுவும் சில நாட்களின் பெருமழையாக, கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கொட்டியதைப் பிடித்து வைக்காவிட்டால் மறுநாளே கடலுக்குப் போய்விடும் என்பதால் ஊருக்கு ஓர் ஏரியும், ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்குப் போகும்படியான அமைப்பும் இங்கே தோன்றின. மதுராந்தகம், செம்பரம்பாக்கம் போன்ற பேரேரிகள் முதல் சேலையூர் போன்ற சிற்றேரிகள் வரையில் எல்லாம் அந்த ஒரே யுக்தியின் பெரிய, சிறிய உருவங்களே. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட சாசனங்கள் குடவோலை முறைக்காக உலகப் பிரசித்தி பெற்றுவிட்டன. ஆனால் அந்தச் சாசனங்களில் ஏரி வாரியம் என்று தனியே ஒரு வாரியம் சொல்லப்பட்டிருப்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஏரியைக் காப்பது ஊராட்சியின் பிரத்தியேகக் கடமையாக இருந்த பிரதேசம் இது.

இந்த ஏரிகளின் கீழ் நடந்த நெல் சாகுபடிக்கு மூன்று பட்டங்கள் உண்டு. ஆடி ஆவணியில் தொடங்கித் தையில் அறுவடையாகும் சம்பா. மார்கழி தையில் நட்டுச் சித்திரையில் அறுக்கும் நவரை. சித்திரையில் தொடங்கி ஆடி வாக்கில் முடியும் சொர்ணவாரி. இவற்றில் நவரை, நிரம்பிய ஏரியை நம்பிச் செய்வது. சொர்ணவாரி, ஏரியில் மிச்சமிருப்பதையும் கிணற்றையும் நம்பிச் செய்வது. மிகவும் நுட்பமானதும், வெளியூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ளாததும் சம்பாவே. ஏனெனில் சம்பா விதைக்கிற காலத்தில் ஏரியில் ஜலமே இருக்காது.

ஏரி வறண்டு கிடக்கும் ஆடி, ஆவணியில், கோடை மழைக்குப் பின் பலமுறை உழுது பொடியாக்கிய காய்ந்த புழுதியில், சேற்றைக் கண்ணாலும் காணாத விதையைத் தூவி மறுபடியும் ஓர் உழவு ஓட்டி மூடிவிடுவார்கள். மாலை நேரத்து இடிமழை ஒன்றிரண்டு விழுந்தால் அந்த விதை முளைக்கும். அடுத்த சில வாரங்கள் அது நெல்லாக அல்ல, கேழ்வரகைப் போல ஒரு புஞ்சைப் பயிராகவே வளரும். அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய சத்துரு வறட்சியைவிடக் களைதான். நீர் நிற்கும் வயலில் மூழ்கிச் சாகிற புல் பூண்டெல்லாம் இங்கே பயிரோடு போட்டி போட்டு எழும்புவதால், பெண்கள் குந்தியபடியே களைக்கொட்டுடன் பாத்தி பாத்தியாக நகர்ந்து களை எடுக்க வேண்டும். பிறகு ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி மதகு திறக்கப்பட்டதும், அதே பயிர் இடம் மாறாமலே நஞ்சைப் பயிராகிவிடும். வயலில் நீர் கட்டும் அந்த நாளில், அதுவரை மஞ்சளித்து நின்ற தாள்கள் ஒரு வாரத்துக்குள் கரும்பச்சையாகித் தூர் கட்டுகிற காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். பாதி வாழ்வைப் புஞ்சையிலும் பாதி வாழ்வை நஞ்சையிலும் கழிக்கிற இந்தப் புழுதிக்கால் நெல், தவணை தவறி வருகிற மழையோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. நாற்றங்கால் விட்டு, ஏரி நிரம்பிய பின்தான் நடுவேன் என்று காத்திருப்பவனுடைய பயிர், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் ஏரி வற்றிக் கருகக் கூடும். புழுதியில் முன்கூட்டியே விதைத்தவனோ ஏரி நிரம்பும்போது ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பயிரைக் கையில் வைத்திருப்பான்.

மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்த சத்தீஸ்கரில் இதற்கு நெருங்கிய உறவான ‘பியாசி’ என்ற முறை உண்டு. புழுதியில் விதைத்து முளைத்த நெல், ஒரு மாதத்துப் பயிராகி, வயலில் ஒரு சாண் நீர் நின்றதும், பயிரின் மேலேயே ஏர் ஓட்டிக் களையை அமிழ்த்தி, நெருக்கத்தைக் கலைத்து, வேருக்குக் காற்று கொடுக்கிறார்கள். வளர்ந்து நிற்கிற பயிரை உழுவதா என்று தஞ்சாவூர் மிராசுதார் திகைப்பார். ஆனால் அங்கே மழை வருகிற விதம் அது.

மழை ஓரிடம், விளைச்சல் ஓரிடம்

காவிரி டெல்டாவின் விசேஷம், அதன் பயிரை வளர்க்கிற மழை அந்த வயல்களின்மேல் பெய்வதல்ல என்பதே. குடகிலும் மைசூர்ப் பக்கத்திலும் ஆனி ஆடியில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, வானம் வெறிச்சென்று கிடக்கிற தஞ்சாவூருக்கு ஆற்றுவழியே வந்து சேர்கிறது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, ஜூன் 12-ஆம் தேதி அணை திறப்பது என்பது அந்த நாட்டுக்கு ஒரு பண்டிகைத் தேதியாகவே நிலைத்துவிட்டது. அந்தத் தேதியை ஒட்டியே குறுவை. குறுவை அறுத்த அதே வயலில் தாளடி. ஒருபோக வயலில் நீண்டகாலச் சம்பா. முற்காலத்தில் குறுவை விதையையும் ஒட்டடான் என்ற நீண்டகால நெல்லின் விதையையும் கலந்தே நாற்று விட்டு நட்டு, முதலில் குறுவையை அறுத்தெடுத்து, அந்தத் தாள்களுக்கிடையே ஒட்டடானைத் தழைக்கவிட்டுத் தையில் இரண்டாம் அறுவடை காண்கிற ‘உடு’ என்ற சம்பிரதாயமும் அங்கே இருந்தது. ஒரே நடவில் இரண்டு அறுவடை என்பது எவ்வளவு சிக்கனமான யோசனை!

டெல்டாவில் நான் மிகவும் ரசிக்கிற வேலை நெல்லைச் சார்ந்ததல்ல, உளுந்தைச் சார்ந்தது. தை மாதம் நெற்கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கையில், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நீர் வடிந்து மெழுகுபோல இளகியிருக்கிற களிமண்ணில் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் கதிர்களுக்கூடே வீசிவிடுவார்கள். உழவில்லை, எருவில்லை, தனியே பாய்ச்சலும் இல்லை. அறுவடைக்காரர்களின் கால்பட்டு விதை மண்ணில் அழுந்துகிறது. தாள் போன பிறகு வெளிச்சம் கிடைக்கிறது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் இரவுப் பனியுமே பயிரை வளர்த்துப் பங்குனியில் காய்க்க வைக்கின்றன. அந்தப் பயிர் வேரில் விட்டுச் செல்கிற சத்து அடுத்த குறுவைக்கு உரம். இதையே சேலையூரின் மணல் கலந்த செம்மண்ணில் செய்தால் ஒரு வாரத்தில் ஈரம் வற்றி முளை காய்ந்துபோகும். டெல்டாவின் வண்டல் களிமண் ஈரத்தை விடாமல் பிடித்து வைப்பதால் அங்கே அது நடக்கிறது.

தாமிரபரணிப் பிரதேசத்தில் பொதிகையில் பெய்யும் இரு பருவ மழைகளுக்கேற்பக் காரும் பிசானமும்; குமரி ஜில்லாவில் கன்னிப்பூவும் கும்பப்பூவும். கடலுக்கு அப்பால் ஈழத்துத் தமிழர்களிடம் காலபோகமும் சிறுபோகமும். அங்கேயும் வன்னியில் குளத்தை நம்பி நெல் விளைய, சில மைல்களுக்கு வடக்கே ஆறும் பெரிய குளமும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சுண்ணாம்புப் பாறைக்கு மேலுள்ள செம்மண்ணில் கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவிக்கிறார்கள். ஒரே பாஷை பேசுகிற, ஒரே பொங்கலைக் கொண்டாடுகிற ஜனங்களுக்கு இத்தனை நெற்காலங்கள்.

ஆடிப் பட்டம் பொய்க்கும் இடம்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாடு முழுவதும் சொல்லப்படுகிற பழமொழி. ஆனால் கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஆடி என்பது காற்று மட்டும் வீசுகிற காலம். அங்கே விதைப்பு புரட்டாசியிலும் ஐப்பசியிலும்தான். அந்தக் கறுப்பு மண் கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழையில் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். பிறகு ஏறிய ஈரத்தைத் தை மாசி வரையில் உள்ளுக்குள் வைத்துக் காக்கும். ஆகவே கரிசல் விவசாயி நிலத்தின்மேல் குளம் கட்டுவதைவிட நிலத்துக்குள்ளேயே நீரைச் சேமிக்கிறான். பருத்தியோடு உளுந்து, கம்போடு பாசிப்பயறு, ஓரத்தில் ஆமணக்கு என்று அவன் கலந்து விதைப்பது, மழை முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேர வேண்டும் என்ற முன்யோசனையால்தான். கருங்கண்ணிப் பருத்தி அந்த மண்ணுக்கு வெகுகாலம் பெயர் தேடித் தந்தது. அதற்கு அடுத்த இராமநாதபுரத்தில் கண்மாயை நம்பி ஒரே ஒரு போகம் புழுதி நெல், அதற்கப்புறம் மிளகாய். அங்கே விளையும் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த வறண்ட பூமியின் உழைப்புக்குக் கிடைத்த கௌரவம்.

கொங்கு நாட்டிலோ நிலத்தின் பிரிவே வேறு. வயல் குறைவு, கிணற்றை நம்பிய தோட்டமும், வானத்தை நம்பிய காடும் அதிகம். ஈரோட்டு மஞ்சளும் கரும்பும் தோட்டத்துக்கு உரியவை. 1955-இல் முடிந்த கீழ்பவானித் திட்டத்திலும்கூட அந்நாட்டு இயல்பை அனுசரித்தே ஒழுங்கு செய்தார்கள்: ஆகஸ்டு நடுவிலிருந்து நான்கு மாதம் ஆயக்கட்டில் ஒரு பாதிக்கு நெல்லுக்கான நீர், அதன் பின் மற்றப் பாதிக்குக் கடலை போன்ற புஞ்சைப் பயிருக்கான குறைந்த நீர், அடுத்த வருஷம் முறை மாற்றம். இதைவிட என் மனத்தைக் கவர்ந்தது காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு. பயிர் வைத்தால் நான்கு வருஷத்தில் மூன்று வருஷம் பொய்த்துவிடும் என்று அநுபவத்தில் கண்ட மேட்டு நிலத்தில், நான்கு பக்கமும் முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரங்களை விட்டு, காங்கயம் மாடுகளையும் ஆடுகளையும் அதில் மேய்க்கிறார்கள். நல்ல மழை பெய்த வருஷத்தில் அதிலேயே ஏர் பூட்டிச் சோளம் விதைத்துக்கொள்வதும் உண்டு. அடுத்த மழைக்குப் புல் தானே திரும்பிவிடும். தரிசு என்று காகிதத்தில் எழுதிவிடக்கூடிய அந்த நிலம், உண்மையில் மிகவும் ஆலோசித்துச் செய்யப்பட்ட விவசாயம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியின் கேழ்வரகு, கொல்லிமலையின் சாமை, சேலத்து மரவள்ளி, நீலகிரியின் தேயிலையும் உருளைக்கிழங்கும் ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

சைதாப்பேட்டைப் பாடம்

இந்த வேற்றுமைகளை அதிகாரத்தில் இருப்பவர்கள் எல்லாக் காலத்திலும் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. நம் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடுகிற சைதாப்பேட்டையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கார் ஒரு மாதிரிப் பண்ணையும், 1868-இல் விவசாயப் பள்ளி ஒன்றும் நடத்தியது. சீமைக் கருவிகளையும் சீமை முறைகளையும் இந்த நாட்டு உழவனுக்குக் கற்பிப்பது அந்த முயற்சியின் நோக்கம். அந்தப் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்குப் போய், இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு மூலமாயிற்று. இதற்கிடையில், இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற இரசாயன சாஸ்திரி, நாடெங்கும் சுற்றிப் பார்த்து 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்திய உழவன் சாதாரண ஆங்கில உழவனுக்குச் சளைத்தவனல்ல என்றும், இந்த நாட்டின் பிரதேசங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டவை என்றும் எழுதி வைத்தார். கற்பிக்க வந்த ராஜ்யத்தின் பிரதிநிதியே கற்றுக்கொண்டு சென்ற அந்தச் சம்பவத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிரதேச பேதத்தைப் புரிந்துகொண்டு செய்த ஆராய்ச்சி என்ன சாதிக்கும் என்பதற்குக் கோயம்புத்தூரே சாட்சி. கரும்பு வட இந்தியாவில் அநேகமாகப் பூப்பதில்லை. கோயம்புத்தூரின் சீதோஷ்ணத்தில் பூக்கும். பூத்தால்தான் இரண்டு வகைகளைக் கலந்து புதிய வகையை உண்டாக்க முடியும். அதனாலேயே 1912-இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் அங்கே அமைந்தது. அந்த நிலையத்தைச் சேர்ந்த பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும், தோட்டத்து வெள்ளைக் கரும்பைக் காட்டில் தானே வளரும் நாணல் இனத்தோடு கலந்து உண்டாக்கிய கோ 205 என்ற வகை 1918-இல் பஞ்சாபுக்குச் சென்றது. கங்கைச் சமவெளியின் சர்க்கரை ஆலைகள் பெருகியதற்கு, நொய்யல் கரையில் மலர்ந்த பூ காரணமாக இருந்தது.

நம் பக்கத்துக்கும் அப்படியொரு பெருமை உண்டு. திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கிச்சிலிச் சம்பா என்று ஜனங்கள் அன்போடு அழைத்த ஜி.இ.பி. 24-ஐப் பெற்றோர் வகைகளில் ஒன்றாகக் கொண்டு உண்டாக்கிய டி.கே.எம். 6 என்ற வகைக்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் சக்தி இருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அந்தச் சக்திக்காகவே அதைத் தம் நெல்லோடு கலந்து ஐ.ஆர். 20 என்ற வகையை உண்டாக்கினார்கள். அது நம் டெல்டாச் சம்பாவுக்கே திரும்பி வந்து வெகுகாலம் கோலோச்சியது. ஏரிப் பாசனத்துத் தொண்டை மண்டலம் ஆசியாவின் நெல்லுக்குக் கொடுத்த கொடை அது.

எதிர்மாறான உதாரணமும் நம் தேசத்திலேயே இருக்கிறது. கோதுமையும் கடலையும் மக்காச்சோளமும் விளைந்த பஞ்சாபில், கொள்முதல் விலையும் இலவச மின்சாரமும் நெல்லைப் பரப்பின. ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சிய வேகத்தைக் கண்டு, ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நடவு செய்யலாகாது என்று 2009-இல் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. நெல் தீய பயிரல்ல. தஞ்சாவூரில் அது ஆற்றோடு வந்த விருந்தாளி. பஞ்சாபிலோ பூமியின் அடிவயிற்றைத் தோண்டி அதற்கு உணவளிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது காலம் இன்னொரு திருப்பத்துக்கு வந்திருக்கிறது. காவிரியில் ஜலம் ஜூன் 12-ஐ மறந்து வருகிற வருஷங்கள் பெருகிவிட்டன. திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களில் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிற விவசாயிகள் நாற்றங்காலும் நடவும் இல்லாமல் சம்பாவை நேரடியாகவே விதைக்கிறார்கள். ஆற்றையே நம்பி, சேற்றைத் தவிர வேறொன்றில் நெல் விதைப்பதைக் குறைவாக நினைத்த நாடு, புழுதி உழவையும், விதையின் ஆழத்தையும், முதல் நாற்பது நாள் களையை வெல்லும் வழியையும் இன்று கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள் இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரைகளிலும், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஜில்லாக்களின் ஏரிக் கரைகளிலும் இருக்கிறார்கள். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரையில் மனைகளாகிவிட்ட ஆயக்கட்டுகளில் நேற்றுவரை அந்த வேலையைச் செய்தவர்களில் சிலர், வயது முதிர்ந்து, இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். எந்த மண்ணுக்கு எத்தனை உழவு, எந்த மேகத்துக்கு எந்த விதை, ஏரியில் எத்தனை அடி நின்றால் நவரைக்குத் துணியலாம் என்று அவர்கள் அறிந்ததை, திரூர், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அவர்களிடம் நேரில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அகரம்தென், மாடம்பாக்கம் பக்கங்களில் இன்னும் ஏர் நடக்கிற வயல்கள் எங்கெங்கே எஞ்சியிருக்கின்றனவோ, அவற்றுக்கு நீர் போகிற மதகுகளையும் வாய்க்கால்களையும் தாம்பரம் மாநகராட்சி மழைநீர் வடிகாலாக மட்டும் பாராமல் பாசன வாய்க்காலாகவே பதிந்து காக்க வேண்டும்.